தங்கராசா ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?

பொறாமையோடு வருகிற பெண்களை எனக்குப் படியேறும்போதே தெரிந்துவிடும். கண்ணீர் இருக்காது. கைப்பையை மட்டும் யாரோ பறிக்க வருவதுபோல இறுக்கிப் பிடித்திருப்பார்கள். அந்தச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் கல்லடி அலுவலகத்துக்கு வந்தவரின் கைப்பை, அவர் மடியில் மூச்சு விட முடியாமல் கிடந்தது.

நான் நிதுர்ஷன். துப்பறியும் ஸுஹைனா மிஸ்ஸின் உதவியாளன், ஓட்டோச் சாரதி, தேநீர் ஊற்றுபவன். மிஸ் காத்தான்குடிக்காரி. இருபத்திரண்டு வருடம் காப்புறுதிக் கம்பனியில் பொய் நட்டஈடு கேட்டவர்களைப் பிடித்துக் கொடுத்து அலுத்துப்போய், அதையே சொந்தத் தொழிலாக்கிக்கொண்டவர். துப்பாக்கி கிடையாது. அவருடைய நாக்கைத் தெரிந்தவர்கள் அது எதற்கு என்று கேட்பார்கள்.

வந்தவர் பெயர் கேதீஸ்வரி. ஊர் களுவாஞ்சிக்குடி. கணவர் தங்கராசா, இருபத்தைந்து வருடமாக 'ராசா சவுண்ட்ஸ்' நடத்துகிறவர். அந்தப் பக்கத்தில் எந்தக் கோயில் சடங்கென்றாலும் மரத்தில் கட்டியிருக்கிற ஹோன் ஸ்பீக்கர் அவருடையதாகத்தான் இருக்கும்.

"அவருக்கு வேற ஆள் இருக்கு மிஸ்," என்றார் கேதீஸ்வரி. கதிரையில் உட்கார்ந்து ஒரு நிமிடம் ஆகவில்லை.

"எப்பிடித் தெரியும்?"

"அவரே சொன்னார்."

நான் தேநீரை மேசையில் வைத்தேன். "அப்ப எங்களுக்கு என்ன வேலை அக்கா? கேஸ் முடிஞ்சு போச்சே."

மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் தேநீர் ஆறிவிட்டது.

"போன செவ்வாக்கிழமை," என்று கேதீஸ்வரி தொடர்ந்தார், "கொட்டிலுக்குள்ள அம்பிளிஃபயருக்கு முன்னால குந்திக்கொண்டிருந்தார். நான் பின்னால போய் நிண்டு நேராவே கேட்டன். 'இஞ்சேருங்க, உங்களுக்கு வேற ஆரும் இருக்காளா' எண்டு. திரும்பிக்கூடப் பாக்கல்ல. 'ஓம் ஓம், பிறகு பாப்பம்' எண்டார்."

முப்பது வயதுக்குள் நான் எத்தனையோ கணவன்மாரைப் பின்தொடர்ந்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையான ஒருவரைக் கேள்விப்பட்டதில்லை.

"வேற என்ன மாற்றம்?" மிஸ் கொப்பியைத் திறந்தார்.

"எல்லாம் மாற்றம்தான். நான் கதைச்சா பதில் இல்ல. போன் அடிச்சா எடுக்கமாட்டார், எழுதி அனுப்பெண்டு மெசேஜ் வரும். சாப்பாட்டு மேசையில இவ்வளவு காலமும் எனக்கு வலப்பக்கம் இருந்தவர், இப்ப இடப்பக்கம் கதிரையைப் போட்டுக்கொண்டார். நான் அவருக்கு வலக்கைப் பக்கம்தான் இருக்கணுமாம், அதில என்ன கள்ளம் இருக்கோ தெரியா. முந்தி சடங்கெண்டா என்னையும் கூட்டிப்போவார். ரெண்டு வருசமா 'நீ வீட்ட இரு' எண்டு போட்டார்." கேதீஸ்வரி குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்டும் இருக்கு. பொம்புளையள் கதைச்சா அவளுகள்ட வாயையே பாக்கார் மிஸ். கண் வெட்டாமப் பாக்கார். என்ட தங்கச்சி சேலையால வாயைப் பொத்திக்கொண்டு ஒழும்பிப் போயிற்றாள்."

"அத்தான்மாரிட வழக்கம்தானே அக்கா."

"நிது," என்றார் மிஸ்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன், தங்கச்சி மாதிரி.

கேதீஸ்வரி கைப்பையைத் திறந்தார். முதலில் வெளியே வந்தது ஒரு பூட்டு. புத்தம் புதியது, என் முஷ்டியளவு பெரியது, சாவி இரண்டும் நூலில் தொங்கின. அதை மேசையில் வைத்தார்.

"வீடு என்ட சீதன வீடு மிஸ். அவர் கட்டி வந்து இருக்கிற ஆள். நாளைக்குக் காலம அவர்ர பெட்டியெல்லாம் றோட்டில, இந்தப் பூட்டு கேற்றில. ஆனா அவள் ஆரெண்டு தெரியாமப் பூட்டினா எனக்கு நித்திரை வராது. இண்டைக்குள்ள கண்டுபிடிச்சுத் தாங்க."

அடுத்து வந்தது ஒரு கடதாசி. தங்கராசாவின் சட்டைப் பையிலிருந்து எடுத்ததாம். மிஸ் அதை விரித்தார். நீல மையில் உருண்டை உருண்டையான எழுத்து. அதன் பக்கத்தில் அங்கங்கே சிவப்பு மை.

"சிவப்பு அவர்ர கை. நீலம் ஒரு பொம்புளைட கை," என்றார் கேதீஸ்வரி. 'பொம்புளை' என்ற சொல்லை அவர் துப்பிவிட்டுத்தான் சொன்னார்.

மிஸ் என் பக்கம் நீட்டினார். "வாசி. இது உன்ட சாமான்."

என் சாமான்தான். நானும் ஒரு காலத்தில் டிஜே ஆகப் பார்த்தவன். இரவு பகலாக விலை பார்த்து, படம் பார்த்து, கடைசியில் வீட்டுக்கு வந்தது ஓட்டோ. அதனால் அந்தக் கடதாசியை வாசித்தபோது எனக்கு வயிறு கொஞ்சம் எரிந்தது. முழு டிஜிட்டல் டிஜே செட் ஒன்றின் பட்டியல் அது. ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு தெரிவு போட்டு, எது நல்லது என்று பார்த்துப் பார்த்து எழுதியிருந்தது.

"கொன்ட்ரோலர்," என்று தொடங்கினேன். "ரெண்டு வட்டத் தட்டு, நடுவில பொத்தானுகள். லெப்டொப்பில இருக்கிற பாட்டை இதில கையால ஓட்டுறது. சின்னனுக்கு நேர நீலம் எழுதியிருக்கு, 'சத்தம் சுத்தம், தூக்க லேசு.' பெரிசுக்கு நேர, 'சத்தம் அதேதான், லைட் மட்டும் கூட, வீண்.' ஆனா சிவப்புச் சரி விழுந்திருக்கிறது பெரிசுக்கு."

"பிறகு?"

"லெப்டொப். பதினாலு அங்குலம் போதுமெண்டு நீலம். பதினேழுக்குச் சிவப்புச் சரி. மனிசன் ஆசைப்பட்டிருக்கார். ஸ்பீக்கரில முதலாவதுக்கு நீலம் 'கீச்சுது' எண்டு எழுதியிருக்கு, ரெண்டாவதுக்கு 'நல்லம்'. சிவப்பும் ரெண்டாவதுக்குத்தான் சரி."

"அந்தக் 'கீச்சுது'," கேதீஸ்வரி இடைமறித்தார். குரல் முதல்முறையாக உடைந்தது. "அது என்ட சொல்லு மிஸ். சடங்கில அவர் மெஷினடியில இருப்பார். நான் சனத்துக்கு அங்கால, வீதிக் கடைசியில நிப்பன். சத்தம் கூடினா கையைப் பதிப்பன், குறைஞ்சா தூக்குவன், கீச்சினா காதைத் தொடுவன். வந்து 'கீச்சுது' எண்டு சொல்லுவன். இருபது வருசம் அப்பிடித்தான் வேலை செஞ்சம். இப்ப அதே சொல்லை இன்னொருத்தி எழுதிக் குடுக்காள்."

நான் எதுவும் பகிடி விடவில்லை. சில நேரம் எனக்கும் அறிவு வேலை செய்யும்.

"கடைசி வரி, ஹெட்போன்," என்றேன். "நீலம் எழுதியிருக்கு, 'பெட்டி திறந்த பீஸ், ஆனா இதுதான் நல்லம்.' சிவப்பு, 'தேவையில்ல.' அதுக்குக் கீழ, 'சனி 3 மணி, மேல்மாடி.' அவ்வளவுதான்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் எங்கோ ஏதோ இடறுகிறது என்று அர்த்தம்.

"ஹெட்போன் இல்லாம டிஜே வேலை செய்ய ஏலுமா மனே?"

"ஏலா மிஸ். சபைக்கு ஒரு பாட்டுப் போய்க்கொண்டிருக்கேக்க, அடுத்த பாட்டை டிஜே தன்ட காதுக்குள்ள மட்டும் கேட்டு, ரெண்டின்ட தாளத்தையும் பொருத்தி விடணும். ஹெட்போன் வேணாமெண்டு சொல்லுற டிஜே, கத்தரிக்கோல் வேணாமெண்டு சொல்லுற பாபர்."

"ஆனா பதினேழு அங்குல லெப்டொப் வேணும். லைட் கூடின கொன்ட்ரோலர் வேணும்."

"பகட்டு மிஸ். வேற என்ன?"

"இரிக்கலாம்," என்றார் மிஸ். இருக்காது என்பதை அவர் அப்படித்தான் சொல்லுவார். கடதாசியைத் திருப்பினார். பின்பக்கத்தில் போட்டோகொப்பி எடுத்த ஒரு கட்டம் போட்ட படம் இருந்தது. வட்டம் வட்டமாக ஒரு கோடு, புள்ளடி புள்ளடியாக இன்னொரு கோடு. இரண்டும் இடப்பக்கம் மேலே தொடங்கி, வலப்பக்கம் போகப் போகக் கீழே விழுந்தன. புள்ளடிக் கோடு கிணற்றுக்குள் விழுந்தது போல விழுந்திருந்தது.

"இது ஈக்குவலைசர் படம்," என்றேன் உடனே. "அடிச்சத்தம் எவ்வளவு, கீச்சுச் சத்தம் எவ்வளவு எண்டு வைக்கிற அளவு."

"ஓம், அவர் இப்பிடிக் கீறி வச்சிருக்கிறவர்தான்," என்றார் கேதீஸ்வரி.

"கீச்சுச் சத்தம் எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம் மிஸ். அதைக் குறைச்சிருக்கார்."

"இப்பிடிக் குறைச்சு வச்சா பாட்டு எப்பிடிக் கேக்கும்?"

கேதீஸ்வரி படத்தை உற்றுப் பார்த்தார். தொழில் தெரிந்த மனிசி, பொறாமையை ஒரு நிமிடம் மறந்து யோசித்தார். "தலகாணிக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கொண்டு பாடின மாதிரிக் கேக்கும். இப்பிடி ஒரு சவுண்ட்காரனும் வையான்."

"ஒரு சவுண்ட்காரனும் வையான்," என்று மிஸ் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். கடதாசியை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"ஆள் ஆரெண்டு தெரியுமா மிஸ்?"

"ஆள் ஆரெண்டு இந்தக் கடதாசியே சொல்லுது. 'பெட்டி திறந்த பீஸ்' எண்டு காதலி எழுதுவாளா? அது கடையில நிக்கிற புள்ள எழுதுற வசனம். நிது, பெட்டியைத் திறந்து கேட்டுப் பார்த்து வாங்கிற சவுண்ட் கடை இந்தப் பக்கத்தில எத்தினை இரிக்கி?"

"மூண்டு."

"மேல்மாடியில?"

"ஒண்டு. காத்தான்குடி மெயின் றோட்டில." எனக்கு அந்தக் கடையின் படிகள் எத்தனை என்றுகூடத் தெரியும். வாங்காமலே அவ்வளவு தடவை ஏறி இறங்கியிருக்கிறேன்.

"அப்ப மூண்டு மணிக்கு அங்க நிப்பம்."

"நானும் வாறன்," என்றார் கேதீஸ்வரி. பூட்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டார்.

வேண்டாம் என்று மிஸ் இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை சொல்வதற்குள் கேதீஸ்வரி போய் என் ஓட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

*

வழிநெடுக எனக்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது. காத்தான்குடி றோட்டில் பேரீச்சை மரங்கள் தொடங்குகிற இடத்தில் அதைச் சொல்லியும் விட்டேன்.

"மிஸ், இது லேசு. டிஜே ஆகப்போறது தங்கராசா இல்ல, அந்தப் புள்ள. இவர் பெரிய சாமானா வாங்கிக் குடுத்து ஆளைப் பிடிக்கப் பாக்கார். அவளுக்கு அதெல்லாம் வேணாம், சின்னன் போதும். அதுதான் நீலமும் சிவப்பும் சண்டை."

"அப்ப ஹெட்போனை ஏன் வேணாமெண்டு வெட்டினார்? அவளுக்குப் பிடிச்ச ஒரே சாமான் அதுதானே?"

என் விளக்கம் பேரீச்சை மரத்தடியிலேயே செத்துப்போனது.

"உன்ட பொறாமையைக் கழட்டி வச்சிட்டுப் பார் மனே," என்றார் மிஸ். "அந்தப் பட்டியல்ல சிவப்பு தன்ட விருப்பத்துக்கு எடுத்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியிற சாமான். காதுக்கு வேண்டிய சாமான் வந்த உடன நீலம் சொன்னதுக்குத் தலையாட்டுது. ஸ்பீக்கரில ஒரு சொல்லு எதிர்த்துச் சொல்லல்ல. இருபத்தைஞ்சு வருசம் சவுண்ட் போட்ட ஆம்புளை, ஸ்பீக்கரை இன்னொருத்தர் சொல்லி வாங்குவானா?"

பின்னால் இருந்த கேதீஸ்வரி ஓட்டோச் சத்தத்தில் பாதிதான் கேட்டிருப்பார். கேட்ட பாதியும் நல்ல பாதியாக இருக்கவில்லை. "ஓம் மிஸ். அவள் சொன்னதெல்லாம் வேதவாக்கு," என்றார்.

கடைக்குப் பதினெட்டுப் படி. மேலே கண்ணாடிக் கதவு. முதலாளி எங்கோ வெளியே போயிருந்தார். உள்ளே இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

தங்கராசாவை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். மெலிந்த மனிதர், நரைத்த மீசை, தேய்த்த சேட்டு. பெரிய கொன்ட்ரோலருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பதினேழு அங்குல லெப்டொப். இடக்கையை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் விரித்து வைத்திருந்தார். அவருக்கு எதிரே நின்றவள் தனுஷியா. பழுகாமத்துப் பெண், இந்தக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். சவுண்ட் படித்தவள். நான் போகும்போதெல்லாம் "என்ன அண்ணா, இண்டைக்கும் பாக்கத்தானா" என்று கேட்பவள். என்னிடம் இருபது சொல்லுக்கு மேல் பேசியதில்லை.

அன்று அவள் தங்கராசாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, அவர் முகத்துக்கு நேரே. அவர் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. ஓரிடத்தில் அவள் அவருடைய மணிக்கட்டைத் தொட்டாள். அவர் சிரித்துக்கொண்டு ஒரு பொத்தானைத் தள்ளினார்.

கேதீஸ்வரிக்கு எரிந்ததை நான் சொல்லத் தேவையில்லை. எனக்கே எரிந்தது. பதினெட்டுப் படி ஏறி இறங்கிய எனக்குக் கிடைக்காத சிரிப்பு, ஐம்பது வயது மனிதருக்குக் கிடைக்கிறதே என்று எரிந்தது.

கேதீஸ்வரியின் கை கைப்பைக்குள் போயிற்று. பூட்டோடு வெளியே வந்தது. அந்தப் பூட்டால் ஒரு அடி போட்டால் களுவாஞ்சிக்குடிக்கு டிஜே கிடைக்காது.

மிஸ் அவர் கையைப் பிடித்தார். "ஒரு நிமிசம் தாங்க. நான் முன்னால போறன். பாட்டு நிக்கட்டும்."

உள்ளே தனுஷியா பாட்டை நிறுத்தினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கடை முழுவதும் அமைதி. எங்களைத் திறந்த வாசலில் நிறுத்திவிட்டு மிஸ் உள்ளே போனார். நேரே போய்த் தங்கராசாவுக்குப் பின்னால், இடப்பக்கமாக, நாலடி தள்ளி நின்றார். பிறகு, கீழே றோட்டில் போகிறவனுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தங்கராசா. உங்கட பொஞ்சாதி வாசல்ல நிக்கா."

தங்கராசா லெப்டொப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"கையில பூட்டோட நிக்கா," என்றார் மிஸ்.

தங்கராசா ஒரு பொத்தானைத் திருகினார்.

மிஸ் எங்கள் பக்கம் திரும்பினார். "கட்டின புருசன் இந்த வசனத்துக்குத் திரும்பிப் பாக்காட்டி ரெண்டே ரெண்டு காரணம்தான் இரிக்கி கேதீஸ்வரி. ஒண்டு, அவர் மௌத்தாகியிரிக்கணும். அந்தா உசிரோட மூக்குச் சொறியிறார். மற்றது, அவருக்குக் கேக்கல்ல."

கேதீஸ்வரி வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்.

மிஸ் கடதாசியை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினார். "நீங்க ரெண்டு பேரும் சவுண்ட் ஆக்கள். கோட்டைக் கண்ட உடன ஈக்குவலைசர் எண்டிட்டீங்க. இது மெஷின்ட படம் இல்ல புள்ள. காதுட படம். காது சோதிச்சா இப்பிடித்தான் கீறித் தருவாங்க. வட்டம் வலது காது, புள்ளடி இடது காது. அரிசி ஆலைச் சத்தத்தில காது போன ஆக்கள்ட நட்டஈட்டுக் கோப்பில இதை நூறு பார்த்திரிக்கன். காலையில பார்த்த உடனயே மனசில பட்டிச்சு, ஆனா நான் கண்ணால காணாம ஒருத்தரைச் செவிடெண்டு எழுதமாட்டன். இவருக்கு இடது காது போயிற்றுது. வலதில மிச்சம் கொஞ்சம் இரிக்கி. அதுதான் உங்களை வலப்பக்கம் இருத்துறார். அதுதான் போன் எடுக்கார் இல்ல. அதுதான் வாயைப் பாக்கார்."

"அப்ப செவ்வாக்கிழமை..." என்று நான் இழுத்தேன்.

"பின்னால நிண்டு கேட்டா, எதைக் கேட்டாலும் 'ஓம் ஓம், பிறகு பாப்பம்'தான். செவிடர் எல்லாரும் வச்சிரிக்கிற பதில் அது. பத்துக்கு ஒன்பது கேள்விக்குப் பொருந்தும். இவர் பத்தாவது கேள்வியில மாட்டிக்கிட்டார்."

இதற்குள் தனுஷியா கண்ணைத் திறந்து எங்களைக் கண்டுவிட்டாள். அவள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் தங்கராசா திரும்பினார். மனைவியைக் கண்டார். அவர் கையிலிருந்த பூட்டைக் கண்டார். மிஸ் கையிலிருந்த கடதாசியைக் கண்டார். மூன்றாவதைக் கண்டபோதுதான் எழுந்து நின்றார்.

"ஆர் குடுத்தது அதை?" என்றார். தேவைக்கு மேல் சத்தமாக.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்றார் கேதீஸ்வரி.

"ஹோனுக்குக் கீழ இருபத்தைஞ்சு வருசம் கேதி. கொஞ்சம் கொஞ்சமாப் போயிற்று." அவர் கையைப் பிசைந்தார். "சொன்னா நீ தொழிலை விடச் சொல்லுவாய். சுருதி விலகினா ஊரில முதல்ல திரும்புற ஆள் நான்தான் எண்டு சொல்லித்தானே நீ என்னைக் கட்டினாய். சடங்குக்கு உன்னைக் கூட்டிப்போனா ஒரு நாளில கண்டுபிடிச்சிருவாய். அதுதான் வீட்ட இரு எண்டன்." அவர் லெப்டொப்பைத் தன் மனைவி பக்கம் திருப்பினார். திரையில் இரண்டு பாட்டும் மேலும் கீழுமாக, கலர் கலராக, மலைத்தொடர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. "இஞ்ச பார். இதில பாட்டைக் கண்ணால பாக்கலாம். தாளம் விழுற இடம் மலையா எழும்பும். மலைக்கு நேர மலையைக் கொண்டுவந்து வச்சா பொருந்தியிடும். காது தேவையில்ல. இன்னும் ரெண்டு கிழமையில கலியாணம் ஒண்டு ஒத்துக்கொண்டிருக்கன். சத்தம் நல்லமா எண்டது மட்டும்தான் திரையில தெரியாது. அதுக்குத்தான் இந்தப் பிள்ளைட காது."

வழக்கு இங்கே முடிந்தது என்று நான் நினைத்தேன். வேறு ஆள் இல்லை. கள்ளம் இல்லை. பூட்டு தேவையில்லை. ஓட்டோவைத் திருப்பலாம்.

கேதீஸ்வரியின் முகத்தைப் பார்த்தேன். அங்கே எதுவும் தணியவில்லை.

"அவள்ட காது," என்றார் அவர். "எனக்கு என்ன, காது இல்லையா? இருபது வருசம் வீதிக் கடைசியில வெயிலுக்க நிண்டு கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினவள் ஆரு? நீங்க வேற ஒருத்தியை வச்சிருந்தாலும் நாலு அடி போட்டு விட்டிருப்பன். என்ட காதை வேணாமெண்டு இன்னொருத்திட காதைக் கேட்டிருக்கீங்களே, அதை நான் எப்பிடி விடுவன்?"

அழுகையும் வேகமும் சேர்ந்ததில் உதடு கலங்கிவிட்டது. தங்கராசாவுக்கு விளங்கவில்லை. அவர் பழக்கத்தில் தனுஷியாவைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பழக்கத்தில், மெல்ல, உதட்டால் சொன்னாள். "ஏன். ஆன்ரிட்ட. கேக்கல்ல. எண்டு. கேக்கா."

என் வாழ்க்கையில் பல பிழைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனைவி சொன்னதை, அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே, இன்னொரு பெண் கணவனுக்குப் பெயர்த்துச் சொன்னதைப் போல ஒரு பிழையைப் பார்த்ததில்லை.

"நீ விலகு பிள்ளை," என்றார் கேதீஸ்வரி.

தனுஷியா விலகவில்லை. பழுகாமத்துப் பிடிவாதம். "விலகிறன் ஆன்ரி. ஒண்டு சொல்லிப்போட்டு விலகிறன். நான் ஒவ்வொரு ஸ்பீக்கரைக் கேக்கேக்கையும் அங்கிள் ஒரே கேள்விதான் கேப்பார். 'கேதி இதுக்கு என்ன சொல்லுவாள்?' நான் உங்களைக் கண்டதே இல்ல. உங்களைப் போலக் கேக்கப் பழக்கினார். எங்க கையைப் பதிப்பீங்க, எங்க காதைத் தொடுவீங்க எண்டு சொல்லித் தந்தார். 'கீச்சுது' எண்டதும் அவர் தந்த சொல்லுதான். நான் 'ஹார்ஷ்' எண்டு எழுதினன். வெட்டிப்போட்டு இதை எழுதச் சொன்னார்."

கேதீஸ்வரி அவளைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். இந்தப் பேச்சில் தங்கராசாவுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை. வெட்கப்பட்டவர்போலத் திரும்பி மறுபடி திரையின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். அங்கே மலைகள் ஓடிக்கொண்டிருந்தன.

கேதீஸ்வரி அவருக்குப் பின்னால் போய் நின்றார். செவ்வாய்க்கிழமை கொட்டிலுக்குள் நின்றதுபோல.

"நான் உங்களை நாளைக்கு வீட்டை விட்டு எறிய இருந்தன்," என்றார், சாதாரணக் குரலில், அந்த முதுகுக்கு. "பூட்டும் வாங்கிற்றன். உங்களுக்குக் கேக்கல்ல எண்டு கூடத் தெரியாத பொஞ்சாதி நான். என்னை மன்னிச்சிருங்க."

அவருடைய மூச்சுக் கழுத்தில் பட்டிருக்க வேண்டும். யாரோ பின்னால் நிற்பது மட்டும் தங்கராசாவுக்குத் தெரிந்தது.

"ஓம் ஓம்," என்றார். "பிறகு பாப்பம்."

கேதீஸ்வரி சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். இந்த முறை எங்கும் எதுவும் இடறவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு கேதீஸ்வரி அவருக்கு முன்னால் வந்தார். நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார்.

"என்ன சொன்னாய் இப்ப?" என்றார் தங்கராசா.

"ஒண்டுமில்ல. பாட்டைப் போடுங்க எண்டன்."

தனுஷியா நல்லதென்று எழுதிய ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. கேதீஸ்வரி கடையின் கடைசிவரை நடந்து போனார். சுவரோடு முதுகைச் சாய்த்து நின்றார். கொஞ்ச நேரம் கேட்டார். கையைக் கொஞ்சம் பதித்தார். தங்கராசா கண்ணை எடுக்காமல் குறைத்தார். இன்னும் கொஞ்சம். குறைத்தார். கேதீஸ்வரி தலையாட்டினார். இரண்டு வருடம் நிற்பாட்டி வைத்த வேலையை அவர்கள் அரை நிமிடத்தில் எடுத்துக்கொண்டார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை அப்படிக் கண் வெட்டாமல் பார்க்கவும் ஒருத்தி இல்லை, என்மேல் பூட்டெடுக்கிற அளவுக்கு எரியவும் ஒருத்தி இல்லை. கொன்ட்ரோலர் ஆசைகூட அந்த நேரம் எனக்குப் போய்விட்டது.

"புள்ள சரியாத்தான் எடுத்திருக்காள்," என்றார் கேதீஸ்வரி திரும்பி வந்து. அதைச் சொல்ல அவருக்கு நொந்தது. "இந்த ஸ்பீக்கர் நல்லம். பெரிய கொன்ட்ரோலரே இருக்கட்டும், அவருக்கு லைட் வேணும். கடதாசியைத் தாங்க மிஸ்."

மிஸ் கொடுத்தார். மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவைக் கேதீஸ்வரி எடுத்தார். கடைசி வரிக்குப் போனார். ஹெட்போனுக்குப் பக்கத்தில் தங்கராசா எழுதியிருந்த 'தேவையில்ல' என்பதை நேர் கோடு போட்டு வெட்டினார். பக்கத்தில் எழுதினார். "தேவை. ஒண்டு. எனக்கு."

தங்கராசா அதை வாசித்தார். அதை வாசிக்க அவருக்குக் காது தேவைப்படவில்லை.

"கலியாணத்தண்டு நானும் வந்து பக்கத்தில நிக்கட்டா ஆன்ரி? முதல் நாளெண்டா கொஞ்சம் கஷ்டம்," என்று தனுஷியா நல்ல மனதோடு கேட்டாள்.

கேதீஸ்வரி பூட்டை எடுத்து, புதிய கொன்ட்ரோலரை வைத்துத் தூக்கிப்போகிற, மூலைகளுக்கு இரும்பு அடித்த பெட்டியின் கொளுக்கியில் மாட்டி, அழுத்தினார். சரியாகப் பொருந்தியது. சாவி இரண்டையும் நூலோடு கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"வேணாம் பிள்ளை," என்றார். "திறக்கிற நேரம் நான் நிப்பன்."